கூடிவருதலின் தேவை: தொடக்கக்காலத் திருச்சபைச் சான்றுகள் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவர்கள் வாரந்தோறும் ஒன்றுகூடி வழிபடும் வழக்கம் முதல் நூற்றாண்டு முதல் இடையறாது தொடர்ந்து வருகின்றது. இவ்வழக்கம் இன்று பெரும்பாலும் தனிமனிதர் நிறைவேற்ற வேண்டிய சமயக் கடமையாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. ஆனால் முதல் நான்கு நூற்றாண்டுகளைச் சார்ந்த சான்றுகள், கடமை என்பதற்கு முன்பே வேறு காரணங்கள் கூறப்பட்டிருந்தமையைக் காட்டுகின்றன. ஒருவரையொருவர் தாங்குதல், ஏழையோடு ஒரே பந்தியில் அமர்தல், இல்லாதோர்க்குப் பகிர்தல், வர இயலாதவரை நினைத்தல் ஆகியன அக்காரணங்களுள் முதன்மையானவை. புதிய ஏற்பாட்டு நிருபங்கள், இளைய பிளினியின் கடிதம், யுஸ்தீனின் விளக்கம், சிரியாவின் திருச்சபை ஒழுங்கு நூல், அபித்தினா மறைசாட்சியர் வரலாறு ஆகியவற்றின்வழி இக்காரணங்களை இக்கட்டுரை விளக்குகின்றது. கூடுகை தன் காரணத்தை இழக்கும்போது என்ன நேர்கின்றது என்பதற்குத் தமிழகத் திருச்சபை வரலாற்றிலிருந்தும் சான்று காட்டப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: எக்லேசியா, சபை, கூடிவருதல், திருவிருந்து, கர்த்தருடைய நாள், யுஸ்தீன், திதஸ்காலியா, அபித்தினா.

முன்னுரை

இறைவன் எங்கும் நிறைந்தவன் எனின், அவனை வழிபடுவதற்கு ஓரிடத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில், பிறரோடு சேர்ந்து கூட வேண்டிய தேவை யாது? இவ்வினா புதியதன்று. தனியறையில் கதவைப் பூட்டி மறைவாக மன்றாடுமாறு இயேசு கற்பித்ததாக மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. அதே நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம், இருவரோ மூவரோ தம் பெயரால் கூடுமிடத்தில் தாம் இருப்பதாக அவர் உரைத்ததையும் பதிவு செய்கின்றது. தனிமையும் கூடுகையும் தொடக்கம் முதலே கிறித்தவ வழிபாட்டின் இரு பக்கங்களாக இருந்துள்ளன.

2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் ஆலயங்கள் மூடப்பட்டபோது இவ்வினா மீண்டும் எழுந்தது. வீட்டிலிருந்தே திரைவழி வழிபாட்டைக் காண இயலும் எனில் ஆலயத்திற்குச் செல்வதன் பொருள் என்ன என்று பலர் வினவினர். 'செல்ல வேண்டும் என்பது கட்டளை' என்பது மட்டுமே விடையாயின், அவ்விடை வினாவை நிறைவு செய்வதாகாது. கட்டளைக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தைத் தொடக்கக்காலச் சான்றுகளில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டில் திருச்சபையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'எக்லேசியா' என்பதாகும். கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடி முடிவெடுக்கும் பேரவையை இச்சொல் குறித்தது. எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர், இஸ்ரயேல் மக்கள் இறைவன் திருமுன் கூடிய கூட்டத்தைக் குறிக்கும் 'காகால்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு ஈடாகப் பல இடங்களில் இதனைக் கையாண்டனர். இவ்விரு வழக்கிலும் எக்லேசியா என்பது கட்டடத்தைக் குறிப்பதன்று. கூடியிருக்கும் மக்களைக் குறிப்பதாகும்.

தமிழில் 'சபை', 'திருச்சபை' என்னும் சொற்கள் இப்பொருளை ஏற்றுள்ளன. அவை என்னும் பொருளுடைய சபை, கூட்டத்தையே முதன்மையாகச் சுட்டுகின்றது. 'ஆலயம்', 'கோயில்' என்னும் சொற்கள் இடத்தைச் சுட்டுவன. 'ஆலயத்திற்குப் போதல்' என்னும் வழக்கில் செல்பவர் ஒருவர்; செல்லுமிடம் ஒன்று. 'சபை கூடுதல்' என்னும் வழக்கிலோ கூடுவோர் பலர். அவர்கள் கூடினாலன்றிச் சபை இல்லை. முதல் வழக்கின்படி, ஒருவர் வராவிடினும் ஆலயம் குறைவின்றி நிற்கும். இரண்டாம் வழக்கின்படி, ஒருவர் வராவிடின் சபையில் ஒருவர் குறைவர். தொடக்கக்காலச் சான்றுகள் அனைத்தும் இரண்டாம் வழக்கின் அடிப்படையிலேயே பேசுகின்றன.

எபிரெயர் நிருபம்: தளர்ந்தோரைத் தாங்குதல்

கூடிவருதலைக் கைவிடலாகாது என்பதற்கு இன்றைய மறையுரைகளில் மிகுதியாக எடுத்தாளப்பெறும் பகுதி எபிரெயர் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் உள்ளது. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த இந்நிருபம் தன் ஆசிரியரின் பெயரைக் கூறவில்லை. சிலர் கூட்டத்தைக் கைவிடுவதை வழக்கமாக்கிக் கொண்டனர் என்பதை மட்டும் அது குறிப்பிடுகின்றது.

இப்பகுதியின் தொடரமைப்பு நோக்கத்தக்கது. கூடிவருதல் பற்றிய கூற்று தனித்து நிற்கவில்லை. அன்பிற்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் தூண்டும்வண்ணம் கருத்தாயிருங்கள் என்பதே முதன்மை வாக்கியம். கூட்டத்தைக் கைவிடாமை அதனைச் சார்ந்து வருகின்றது. 'ஒருவரையொருவர்' என்னும் சொல்லே இங்கு அச்சாணியாகும். கூடுவதால் இறைவனுக்கு என்ன கிடைக்கின்றது என்றோ, கூடுபவர் தமக்கு என்ன பெறுகின்றார் என்றோ ஆசிரியர் இங்குப் பேசவில்லை. அருகிருப்பவருக்கு என்ன தேவை என்பதே பேசப்படுகின்றது.

இதன் பின்னணியை அதே அதிகாரத்தின் பிற்பகுதி விளக்குகின்றது. அச்சபையார் முன்னர்ப் பலர் முன்னிலையில் இகழப்பட்டிருந்தனர், உடைமைகள் பறிக்கப்பட்டிருந்தன, சிறைப்பட்டவர்களோடு அவர்கள் துன்பத்தைப் பகிர்ந்திருந்தனர். இத்தகைய சூழலில் ஒருவர் கூட்டத்திற்கு வாராமை வெறும் சோம்பல் ஆகாது; அச்சமோ தளர்ச்சியோ அதற்குக் காரணமாகலாம். அவ்வாறு விலகுபவர் தாம் மட்டும் விலகுவதில்லை. எஞ்சியிருப்போரின் துணிவையும் குறைத்துச் செல்கின்றார். ஒருவர் உள்ளம் கடினப்படாதவாறு நாள்தோறும் ஒருவர்க்கொருவர் அறிவுரை கூறுமாறு இந்நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் முன்னரே வேண்டியிருப்பதும் இதனோடு இணைத்துக் காணத்தக்கது. தளர்பவர் தம் தளர்ச்சியைத் தாமே அறிவது அரிது. அதனைக் காண்பதற்குப் பிறர் கண் வேண்டும் என்பது இந்நிருபத்தின் கருத்து எனலாம்.

கொரிந்து: கூடுவதே தீங்காகும் நிலை

கூடுதல் எப்போதும் நன்று எனக் கொள்ள இயலாது என்பதைக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபம் காட்டுகின்றது. ஏறத்தாழ கி.பி. 54 - 55இல் எபேசுவிலிருந்து எழுதப்பட்ட இந்நிருபத்தின் பதினொன்றாம் அதிகாரத்தில், அச்சபை கூடுவது நன்மைக்கு ஏதுவாகாமல் தீமைக்கு ஏதுவாகின்றது என்று பவுல் கடிந்துரைக்கின்றார்.

சிக்கல் உணவைப் பற்றியது. அக்காலத்தில் கர்த்தருடைய இராப்போஜனம் முழு உணவோடு இணைந்திருந்தது. சபை வசதி படைத்தவரின் இல்லத்தில் கூடியது. செல்வர் தாம் கொணர்ந்ததை முன்னதாகவே உண்டனர். ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் குடித்து வெறித்திருந்தார். உரோமானிய இல்லங்களின் உணவறை சிலரே சாய்ந்து உண்ணத்தக்க அளவினது. ஏனையோர் முற்றத்தில் இருக்க நேர்ந்திருக்கலாம் எனவும், அடிமைகளும் உழைப்பாளிகளும் வேலை முடித்துத் தாமதமாக வந்திருக்கலாம் எனவும் அறிஞர் சிலர் கருதுவர்.

பவுல் இதனைப் பந்தி ஒழுங்கின் குறையாக மட்டும் கருதவில்லை. ஒன்றுமில்லாதவர்களை வெட்கப்படுத்துவது தேவனுடைய சபையையே அவமதிப்பதாகும் என்கின்றார். இத்தகைய உணவு கர்த்தருடைய இராப்போஜனமே ஆகாது என்றும் மறுக்கின்றார். அவர் கூறும் தீர்வு எளியது: கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல். கூட்டத்தைக் கலைத்துவிடுமாறு அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. கூட்டம் தன் பொருளுக்கு மீள வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

அதே நிருபத்தின் பதினான்காம் அதிகாரம் கூடுகைக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றது. பாடல், போதனை, பிற மொழிப் பேச்சு ஆகிய எதுவாயினும், அது சபையைக் கட்டியெழுப்புகின்றதா என்பதே அவ்வளவுகோல். 'ஓய்கொதொமே' என்னும் கிரேக்கச் சொல் வீடு கட்டுதலைக் குறிப்பது. பிறருக்கு விளங்காத மொழியில் ஒருவர் தனியே பேசின், அவர் தம்மை மட்டுமே கட்டியெழுப்புகின்றார் என்பது பவுலின் கருத்து. பதினாறாம் அதிகாரம், எருசலேம் சபையின் ஏழைகளுக்கான பொருளை வாரத்தின் முதல் நாளில் அவரவர் சேர்த்து வைக்குமாறு கூறுகின்றது. ஆக வாரத்தின் முதல் நாளும் ஏழையின் பங்கும் முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இணைந்துவிட்டன.

இரண்டாம் நூற்றாண்டு: வெளியாரும் உள்ளோரும் தரும் சான்று

ஏறத்தாழ கி.பி. 112இல், பித்தினியா - பொந்து மாநிலத்தின் ஆளுநரான இளைய பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் கிறித்தவக் கூடுகை பற்றிய மிகப் பழைய புறச்சமயச் சான்றுகளுள் ஒன்றாகும். விசாரணைக்கு உட்பட்டோர் கூறியதை அவர் தொகுத்துரைக்கின்றார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடினர். கிறித்துவைக் கடவுளாகக் கருதிப் பாடினர். திருட்டு, கொள்ளை, விபசாரம் ஆகியவற்றைச் செய்வதில்லை எனவும், சொல் தவறுவதில்லை எனவும், நம்பி ஒப்படைத்த பொருளை மறுப்பதில்லை எனவும் உறுதி பூண்டனர். பிரிந்து சென்று, பின்னர் எளிய உணவிற்காக மீண்டும் கூடினர். இவற்றை உறுதிப்படுத்துவதற்காகப் பணிப்பெண்கள் எனப்பட்ட இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் பிளினி எழுதுகின்றார்.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, விடியற்கு முன்பே கூடினர் என்பது. அன்று ஞாயிறு விடுமுறை நாள் அன்று. அடிமையும் கூலியாளும் வேலைக்குச் செல்லுமுன் கூட வேண்டியிருந்தது. இரண்டாவது, அவர்கள் பூண்ட உறுதியின் இயல்பு. அது அண்டை அயலாரோடு வாழும் அன்றாட வாழ்வைப் பற்றியது. கூட்டம் வாழ்விலிருந்து விலகிச் செல்வதற்கான இடமாக இல்லாமல், நேர்மையான வாழ்விற்கு ஒருவர் முன் ஒருவர் சாட்சியாகும் இடமாக இருந்தது.

ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் யுஸ்தீன் எழுதிய முதல் தன்விளக்க நூல், ஞாயிற்றுக் கூடுகையின் முழு ஒழுங்கையும் விளக்குகின்றது. நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவர். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் நூல்களோ நேரம் இடங்கொடுக்கும் அளவிற்கு வாசிக்கப்படும். தலைவர் உரையாற்றுவார். அனைவரும் எழுந்து நின்று மன்றாடுவர். அப்பமும், திராட்சை இரசமும் நீரும் கொண்டுவரப்படும்; தலைவர் நன்றி கூற, மக்கள் 'ஆமென்' என்பர். ஒவ்வொருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட பின், வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர் வழியாக அவர்கள் பங்கு அனுப்பப்படும். வசதியுள்ளோர் மனமுவந்து தருவது தலைவரிடம் சேர்க்கப்படும். அதனைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்போர் ஆகியோரை அவர் பேணுவார்.

யுஸ்தீன் நாளுக்கும் காரணம் கூறுகின்றார். இறைவன் இருளை மாற்றி உலகைப் படைக்கத் தொடங்கிய நாள் அது. இயேசு உயிர்த்தெழுந்த நாளும் அதுவே. ஆகவே வாரந்தோறும் கூடுதல் என்பது வாரந்தோறும் நினைவுகூர்தலாகும். எழுத்தறிந்தோர் குறைந்திருந்த அக்காலத்தில், மறைநூல் பலரைச் சென்றடைந்த வழி கூட்டத்தில் உரக்க வாசித்தலே. கூட்டத்தை விட்டவர் நூலையும் இழந்தார்.

வர இயலாதவர்க்குப் பங்கு அனுப்பும் வழக்கம் இவ்வாய்விற்கு இன்றியமையாதது. நோயுற்றவரும் சிறையிலிருப்பவரும் கூட்டத்தை விட்டவராகக் கருதப்படவில்லை. கூட்டம் அவர்களிடம் சென்றது. ஆகவே, தொடக்கக்காலத் திருச்சபை வர இயலாமையையும் வர விரும்பாமையையும் வேறுபடுத்திக் கண்டது எனத் துணியலாம். நோய்த்தொற்றுக் காலத் திரைவழி வழிபாட்டை மதிப்பிடுவதற்கும் இவ்வேறுபாடு உதவும். வர இயலாதவரிடம் கூட்டம் செல்லும் வழியாக அது அமையும்போது யுஸ்தீன் காட்டும் மரபில் நிற்கின்றது. ஒருவரையொருவர் அறியாத பார்வையாளர்களாக அனைவரையும் மாற்றும்போது அம்மரபிலிருந்து விலகுகின்றது.

'திதாக்கே' எனப்படும் பழைய ஒழுங்கு நூல் மேலும் ஒன்றைச் சேர்க்கின்றது. கர்த்தருடைய நாளில் கூடி, குற்றங்களை அறிக்கையிட்டு, அப்பம் பிட்குமாறு கூறும் அந்நூல், தம்முள் பகை கொண்டிருப்போர் ஒப்புரவாகும்வரை கூட்டத்தில் சேரலாகாது எனத் தடுக்கின்றது. இதனால், வாரந்தோறும் கூட வேண்டியவர் ஒரு பகையை நெடுங்காலம் வளர்த்து வர இயலாத நிலை ஏற்படுகின்றது.

மூன்றாம் நூற்றாண்டு: முதியவர்க்கு இடம்

சிரியாவில் மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய 'திதஸ்காலியா' என்னும் நூல் கிரேக்கத்தில் எழுதப்பெற்று, இன்று சிரிய மொழிபெயர்ப்பிலேயே முழுமையாகக் கிடைக்கின்றது. கூடுகையைத் தவிர்ப்பவர் கிறித்துவின் உடலிலிருந்து ஓர் உறுப்பைக் குறைக்கின்றார் என்பது இந்நூலின் வாதம். உடல் உறுப்பு என்னும் உருவகம் பவுலிடமிருந்து வந்தது. ஆயின் திதஸ்காலியா அதனை வருகையோடு நேரடியாகப் பொருத்துகின்றது: வராதவர் இழப்பவர் மட்டுமல்லர், பிறரை இழக்கச் செய்பவரும் ஆவர்.

இந்நூல் இருக்கை ஒழுங்கையும் விரிவாகக் கூறுகின்றது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது செல்வாக்குடைய ஒருவர் வந்தால் ஆயர் தம் உரையை நிறுத்தி அவருக்கு இடந்தேட வேண்டியதில்லை. ஆனால் ஏழை ஒருவர், குறிப்பாக முதியவர், வந்து அவருக்கு இடமில்லையெனில், ஆயர் தாம் தரையில் அமர நேரினும் அவருக்கு இடமளிக்க வேண்டும். கொரிந்துவில் பவுல் கண்ட குறைக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நடைமுறை விடை இது எனலாம்.

இதே காலப்பகுதியைச் சார்ந்த தொல்லியல் சான்று தூரா ஐரோப்போஸ் நகரில் கிடைத்துள்ளது. யூப்ரடீசு ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரில், ஏறத்தாழ கி.பி. 240 அளவில் ஒரு சாதாரண வீடு வழிபாட்டு இல்லமாக மாற்றப்பட்டது. இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை அகற்றிக் கூடம் ஒன்று உருவாக்கப்பட்டது. மற்றோர் அறை ஓவியங்களுடன் திருமுழுக்கு அறையாயிற்று. கி.பி. 256 அளவில் நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. முற்றுகைக் காலத்தில் மதிலை வலுப்படுத்த நிரப்பிய மண்ணே அவ்வீட்டைக் காத்தது. 1930களின் தொடக்கத்தில் அது அகழ்ந்தெடுக்கப்பட்டது. சபையார் அவ்வீட்டின் வெளித்தோற்றத்தை ஆலயம்போல மாற்றவில்லை. அவர்கள் செய்த முதன்மையான மாற்றங்களுள் ஒன்று, அனைவரும் ஒரே கூடத்தில் இருப்பதற்காக ஒரு சுவரை நீக்கியதாகும்.

அபித்தினா: கூடுதலே குற்றமானபோது

கி.பி. 303இல் பேரரசர் தியோக்கிளேசியன் பிறப்பித்த ஆணை, கிறித்தவ வழிபாட்டிடங்களை இடிக்கவும், மறைநூல்களை எரிக்கவும், கூடுகையைத் தடுக்கவும் செய்தது. இன்றைய துனிசியாப் பகுதியில் இருந்த அபித்தினா என்னும் ஊரில் ஆயர் புந்தானுஸ் மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார். ஆயினும் அவ்வூர்ச் சபையார் சாத்துர்நினுஸ் என்னும் குருவின் தலைமையில் வீடுகளில் கூடினர். கி.பி. 304இல் 49 பேர் கைது செய்யப்பட்டுக் கார்த்தேஜுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆளுநர் அனுலினுஸ் முன் நிறுத்தப்பட்டனர்.

தடையை மீறித் தம் வீட்டில் கூட இடமளித்தது ஏன் என்று வாசகராகப் பணியாற்றிய எமெரித்துஸ் வினவப்பட்டார். வந்தவர்கள் தம் உடன்பிறந்தோர் ஆதலால் தடுக்க இயலவில்லை என்றும், கர்த்தருடைய நாள் கூடுகையும் திருவிருந்தும் இன்றித் தம்மால் வாழ இயலாது என்றும் அவர் விடையிறுத்ததாக அவர்களது வரலாறு கூறுகின்றது. இவ்வரலாறு பிற்காலத்தில் தொனாத்தியர் எனப்பட்ட பிரிவினரின் கைவழி வந்ததாதலின், அதன் சில பகுதிகளை அறிஞர் எச்சரிக்கையுடன் அணுகுவர். எனினும் எமெரித்துஸின் விடையின் அமைப்பு நோக்கத்தக்கது. சட்டம் கூடாதே என்றது. அவரோ வேறொரு சட்டத்தை எதிர்நிறுத்தவில்லை. உறவையும் உயிர்வாழ்வையுமே காரணமாகக் காட்டினார்.

கடமையாதல்

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டின் எல்விராவில் கூடிய ஆயர் பேரவை, நகரில் இருந்தும் மூன்று ஞாயிறுகள் வராதவரைச் சிறிது காலம் விலக்கி வைக்குமாறு விதித்தது. கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை நீதிமன்றங்களுக்கும் நகர மக்களுக்கும் தொழில்களுக்கும் ஓய்வுநாளாக அறிவித்து, உழவர்க்கு விலக்களித்தார். விடியுமுன் மறைவாகக் கூடியவர்களின் நாள் பேரரசின் விடுமுறை நாளாயிற்று.

எல்விராவின் விதி கடுமையானதாகத் தோன்றலாம். எனினும் அதில் மறைந்திருக்கும் ஒன்றைக் காணல் வேண்டும். மூன்று வாரங்கள் ஒருவர் வரவில்லை என்பது அறியப்பட வேண்டுமாயின், அவர் இல்லாமையை யாரேனும் கவனித்திருத்தல் வேண்டும். பெயரறியாப் பெருங்கூட்டத்தில் இவ்விதி பொருளற்றதாகும். விதி எஞ்சி, கவனிப்பு மறையும்போதே கூடுகை வெறும் கடமையாகின்றது.

தனிமையைத் தேடிச் சென்றோரும் கூடுகையைக் கைவிடவில்லை என்பது இங்குச் சேர்த்துக் கூறத்தக்கது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் நித்திரியா போன்ற இடங்களில் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்த துறவியர், சனி, ஞாயிறு நாள்களில் பொது ஆலயத்தில் கூடினர். தனிமை மன்றாட்டு கூடுகைக்கு மாற்றாக அவர்களாலும் கருதப்படவில்லை.

தமிழகத் திருச்சபை வரலாற்றில் கூடுகை

கொரிந்துச் சிக்கல் தமிழகத்தில் வேறொரு வடிவில் எழுந்தது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தபின் வளர்ந்த சீர்திருத்தச் சபைகளில், சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கமும், திருவிருந்தை முன்பின்னாகப் பெறும் வழக்கமும் நிலவின. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் கூட்டத்தையே விட்டு நீங்கினர்.

கத்தோலிக்கத் திருச்சபையில் வடக்கன்குளம் ஆலயம் இதற்குச் சான்றாகும். 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அவ்வாலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு தனித்தனிப் பகுதிகளைக் கொண்டிருந்தது. வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாதவாறு பீடத்தை மட்டும் காண இயன்றது. 1910இல் தடுப்புச் சுவர் அகற்றப்பட்டபோது அது வழக்காயிற்று. தனியிடத்திற்கான உரிமைக் கோரிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

வடக்கன்குளத்தில் இரு பகுதியினரும் தவறாது ஞாயிறு வழிபாட்டிற்கு வந்தனர். ஒரே திருப்பலியில் பங்கேற்றனர். வருகைக் கடமை நிறைவேறியது. ஆயினும் எபிரெயர் நிருபம் கூறும் 'ஒருவரையொருவர்' என்பதற்கு அங்கு இடமில்லை. தூரா ஐரோப்போஸ் சபையார் சுவரை நீக்கிச் சபையாயினர். இங்கோ சபைக்குள் சுவர் எழுப்பப்பட்டது. வருகை மட்டுமே கூடுகை ஆகாது என்பதை இவ்விரு கட்டடங்களும் அருகருகே வைத்து எண்ணத்தக்க வகையில் உணர்த்துகின்றன. சாதிவாரியான இருக்கையும் கல்லறையும் இன்றும் சில இடங்களில் விவாதப் பொருளாக நீடிப்பதால், இது கடந்தகாலச் செய்தி மட்டுமன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. எக்லேசியா, சபை என்னும் சொற்கள் இடத்தையன்றிக் கூடியுள்ள மக்களையே முதன்மையாகக் குறிக்கின்றன. ஆகவே கூடுதல் என்பது திருச்சபை செய்யும் பணிகளுள் ஒன்றன்று. திருச்சபை திருச்சபையாவதே கூடுதலால்தான்.

2. எபிரெயர் நிருபம் கூடிவருதலுக்குக் கூறும் காரணம் தளர்ந்தோரைத் தாங்குதலாகும். ஒருவரது வருகை அவரது தேவைக்காக மட்டுமன்றி, அருகிருப்பவரின் தேவைக்காகவும் வேண்டப்படுகின்றது.

3. மறைநூல் வாசிப்பு, மன்றாட்டு, திருவிருந்து, ஏழைக்கான பகிர்வு ஆகிய நான்கும் இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒரே கூடுகையில் இணைந்துள்ளன. இவற்றுள் இறுதியானது பிற்சேர்க்கையன்று.

4. வர இயலாதோர்க்குப் பங்கு அனுப்பும் வழக்கம், அவர்களும் கூடுகையின் உறுப்பினரே என்பதைக் காட்டுகின்றது. முறையாகக் கூடும் கூட்டமே வராதவரை நினைக்கவும் தேடவும் இயலும்.

5. எளியோரை வெட்கப்படுத்தும் கூடுகையைப் பவுல் கர்த்தருடைய இராப்போஜனமாக ஏற்கவில்லை. தமிழகத் திருச்சபை வரலாற்றின் சாதித் தடுப்புகள் இவ்வளவுகோலால் மதிப்பிடத்தக்கவை.

6. விதியும் விடுமுறையும் காலத்தால் பிற்பட்டவை, காரணங்களே முற்பட்டவை. காரணம் மறக்கப்படும் இடத்தில் விதி நெடுங்காலம் நிற்பதில்லை.

கிறித்தவர் ஏன் தவறாது கூடிவர வேண்டும் என்னும் வினாவிற்குத் தொடக்கக்காலச் சான்றுகள் தரும் விடையைச் சுருங்கக் கூறின், ஒவ்வொருவருக்காகவும் அங்கு யாரேனும் காத்திருக்கின்றனர் என்பதே அது. அவ்வாறு காத்திருப்பவர் எவரும் இல்லாத சபை, வராதவரைக் குறைகூறுமுன் தன்னையே ஆய்ந்து கொள்ள வேண்டியுள்ளது.